கல்வீட்டில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்?

கல்வீட்டுக்காரன் (மறையூர்):

பணி ஓய்வுக்குப் பிறகு ஊர் வாசகசாலையில் இருக்கும் வரலாற்று நூல்களை ஒவ்வொன்றாகப் படித்து வருகிறேன். தமிழில் கிடைப்பதைத் தமிழிலும் கிடைக்காததை மலையாளத்திலும் படிக்கிறேன். படித்தால் அறிவு கூடும் என்று எண்ணியிருந்தேன். தூக்கம் குறைந்ததுதான் மிச்சம். எந்த நூலைத் திறந்தாலும் பத்துப் பக்கத்துக்குள் ஓர் ஊர் எரிகிறது. வீட்டில் சொன்னால் வேறு வேலை இல்லையா என்கிறார்கள். ஆகவே இங்கே இறக்கிவைக்கிறேன்.

முதலில், கேரளத்து மலையில் இருக்கும் எங்கள் மறையூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள பாறை மேட்டில் முனியறைகள் என்று நாங்கள் அழைக்கும் கற்திட்டைகள் நிற்கின்றன. பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல்லை ஏற்றியிருப்பார்கள். இரும்புக் காலத்து ஈமச் சின்னங்கள் என்று தொல்லியலார் சொல்கிறார்கள். சிறு வயதில் ஆடு மேய்க்கப் போகும் நாங்கள் மழை வந்தால் அவற்றுக்குள் ஒதுங்குவோம். குந்தி உட்கார்ந்தாலும் மூடுகல் உச்சந்தலையில் இடிக்கும்; ஆட்டுப் புழுக்கை வாடையும் நனைந்த கல்லின் வாடையும் கலந்து வரும். அங்கே குள்ள மனிதர்கள் குடியிருந்தார்கள் என்று என் அப்பத்தா சொல்வார். வானத்திலிருந்து தீமழை பெய்யப் போவதை முன்கூட்டியே அறிந்து அவர்கள் கல்லால் வீடு கட்டிக்கொண்டார்களாம். மழை பெய்தபோது கல் பழுத்துப்போய் உள்ளே இருந்த அத்தனை பேரும் வெந்து மடிந்தார்களாம். "அப்படியானால் நாம் யார்?" என்று கேட்டதற்கு, "நாம் மதுரைப் பக்கமிருந்து உயிர் பிழைக்க ஓடிவந்தவர்கள்" என்றார்.

அஞ்சுநாட்டு ஊர்களில் இந்த ஓட்டத்தின் கதையைச் சொல்லாத குடும்பம் இல்லை. சமவெளியில் படையெடுப்பு நேர்ந்தபோது மலையேறித் தப்பியவர்கள் ஐந்து ஊர்களாகக் குடியமர்ந்தார்கள் என்பார்கள். மறையூர் என்ற பெயருக்கே மறைந்திருந்த ஊர் என்று பொருள் சொல்வோரும் உண்டு. மதுரையிலிருந்து தெய்வத்தை முதுகில் சுமந்து வந்ததால்தான் தங்களுக்கு முதுவர் என்ற பெயர் வந்தது என்று இந்த மலையின் பழங்குடிகளான முதுவர்களும் சொல்கிறார்கள். ஆக, இந்த மலையில் நிற்கும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் பின்னால் ஒரு நெருப்பு இருக்கிறது.

இப்போது நான் படித்தது. நியூசிலாந்துக்குக் கிழக்கே சுமார் 800 கிலோமீட்டர் தொலைவில் சாத்தம் தீவுகள் உள்ளன. அங்கே வாழ்ந்த மொரியோரி மக்களுக்கு நுனுக்கு என்ற முன்னோர் ஒரு சட்டம் வகுத்திருந்தார். மனிதனை மனிதன் கொல்லக் கூடாது. சண்டை வந்தால் கட்டைவிரல் பருமனுள்ள கம்பால் அடித்துக்கொள்ளலாம். முதல் துளி இரத்தம் கண்டதும் நிறுத்திவிட வேண்டும். பல தலைமுறைகள் அப்படியே வாழ்ந்தார்கள். 1835 இன் இறுதியில் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளில் இரண்டு குழுவினர், ஏறத்தாழ 900 பேர், துப்பாக்கிகளுடன் ஒரு கப்பலில் இரண்டு நடையாக வந்து இறங்கினார்கள். கடல் பயணத்தில் நோயுற்று வந்தவர்களுக்கு மொரியோரிகள் உணவளித்துப் பணிவிடை செய்தார்கள். வந்தவர்கள் தேறியதும் நிலத்தைப் பங்கு போடத் தொடங்கினார்கள். மொரியோரிகள் கூடிப் பேசினார்கள். எதிர்த்து நிற்கலாம் என்று இளைஞர்கள் சொன்னார்கள். சட்டத்தை மீறக் கூடாது என்று முதியவர்கள் சொன்னார்கள். முதியவர்களின் சொல்லே நின்றது. அதன் பிறகு நடந்தது படுகொலையும் அடிமைத்தனமும்தான். ஏறக்குறைய 1,600 பேராக இருந்தவர்களில் 1862 இல் எஞ்சியவர்கள் 101 பேர்.

என்னைக் குத்துவது வேறொன்று. அந்த மாவோரிகளும் சொந்த மண்ணில் இருந்தவர்கள் அல்லர். துப்பாக்கி வந்த பிறகு மாவோரிக் குழுக்களுக்குள் மூண்ட போர்களில் தங்கள் ஊரை இழந்து இடம்பெயர்ந்தவர்கள் அவர்கள். என் அப்பத்தா சொன்னதுபோல், உயிர் பிழைக்க ஓடிவந்தவர்கள்.

கொல்ல மறுத்தவர்கள் அழிந்து, கொன்றவர்கள் பெருகினார்கள் என்றால், இன்று பூமியில் இருக்கும் நாமெல்லாம் கொன்றவர்களின் பிள்ளைகள்தாமா? இதே குணத்தை வைத்துக்கொண்டு, இன்று கையில் இருக்கும் ஆயுதங்களோடு, இந்த இனம் எத்தனை காலம் ஓடும்?


கள்ளிச்செடி (கொழிஞ்சாம்பாறை):

மாஷே, நீங்கள் வருந்துவது புரிகிறது. ஆனால் கணக்குச் சரியில்லை. இதுவரை தோன்றிய உயிரினங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மடிந்துவிட்டன என்கிறார்கள். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை மடிந்தபோது மனிதன் பிறக்கவே இல்லை. வலியது பிழைக்கும், மற்றது போகும். என் தோட்டத்தில் கடலைக்கும் கோரைக்கும் நடக்கும் சண்டையை நாள்தோறும் பார்க்கிறேன். கோரைக்குக் குற்ற உணர்வு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

மனித இனம் அவ்வளவு எளிதில் அழிவதும் இல்லை. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்பு சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தபோது அதன் சாம்பல் நம் நாடு வரை வந்து விழுந்தது. ஆந்திரத்தில் கர்நூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பல் ஆள் உயரத்துக்கு மேல் படிந்திருக்கிறது; இன்று அதை வெட்டி எடுத்து விற்கிறார்கள். சாம்பல் அடுக்குக்குக் கீழேயும் கல் கருவிகள் கிடைத்தன, மேலேயும் ஏறக்குறைய அதே வகைக் கருவிகள் கிடைத்தன. உங்கள் அப்பத்தா சொன்ன தீமழை உண்மையிலேயே பெய்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருந்தவன் எழுந்து சாம்பலைத் தட்டிவிட்டு, மறுபடியும் கல்லைச் செதுக்க உட்கார்ந்திருக்கிறான்.


நடுகல் (சித்தூர், ஆந்திரம்):

மறையூர் ஐயாவுக்கு வணக்கம். தங்கள் பதிவில் ஒரு திருத்தமும், அதிலிருந்து கிளைக்கும் சில எண்ணங்களும்.

மொரியோரிகள் அழியவில்லை. கலப்பில்லாத மொரியோரிக் குருதியின் கடைசி மனிதர் என்று சொல்லப்பட்ட டாமி சாலமன் 1933 இல் இறந்தபோது, அந்த இனமே முடிந்தது என்று எழுதினார்கள். அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். பேரர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த மக்களுக்கு இழைத்த அநீதிக்கு ஈடு செய்யும் சட்டத்தை நியூசிலாந்து நாடாளுமன்றம் 2021 இல் நிறைவேற்றியது. டாஸ்மேனியாவிலும் இதுவே நடந்தது. 1876 இல் துருகனினி என்ற பெண்மணி இறந்ததும் டாஸ்மேனியப் பழங்குடிகள் அற்றுப்போனார்கள் என்று பாடநூல்கள் கற்பித்தன. தாங்கள் உயிரோடு இருப்பதை நிறுவவே அவர்களின் வழித்தோன்றல்கள் நூறாண்டு போராட வேண்டியிருந்தது. நிலத்தை எடுத்துக்கொண்டவனுக்கு, பழைய உரிமையாளர் ஒருவரும் இல்லை என்பது வசதியான செய்தி. 1870 இல் சாத்தம் தீவுகளின் நிலத்தில் பெரும்பகுதியை நீதிமன்றம் வந்தேறியவர்களுக்கே தீர்ப்பளித்ததையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பறவைகளிலும் இந்தக் கதை உண்டு. எங்கள் மாநிலத்தின் கடப்பை மாவட்டப் புதர்க்காட்டில் கலிவிக்கோடி என்று தெலுங்கில் அழைக்கப்படும் பறவை ஒன்று உண்டு. 1900 க்குப் பிறகு எவர் கண்ணிலும் படாததால் அற்றுப்போனது என்று முடிவு கட்டினார்கள். 1986 இல் பறவை பிடிக்கும் ஒருவர் அதை உயிரோடு பிடித்துக்காட்டினார். அது சில நாட்களில் கூண்டிலேயே செத்துப்போனது.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். கர்நூல் மாவட்டம் எர்ரகுடியில் அசோகனின் பாறைக் கல்வெட்டுகளைப் பார்க்க நண்பர்களோடு ஒரு முறை போயிருந்தேன். கலிங்கப் போரைப் பேசும் பதின்மூன்றாம் சாசனமும் அங்கே இருக்கிறது. ஒன்றரை லட்சம் பேர் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டார்கள், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், அதைப் போலப் பல மடங்கினர் மடிந்தார்கள் என்று வென்ற அரசனே வெட்டிவைத்திருக்கிறான். உச்சி வெயிலில் பாறையைத் தொட்டுப் பார்த்தேன், கை சுட்டது. உலக வரலாற்றில் ஓர் அரசன் தன் கொலைக் கணக்கைத் தானே வெளியிட்டு வருந்துவது அரிதிலும் அரிது. ஆனால் இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்லாமல் விட்டால் அது பாதி உண்மை. கலிங்க நாட்டிலேயே உள்ள தௌலி, ஜௌகடா என்ற இரண்டு இடங்களிலும் இந்தச் சாசனத்தையும் இதற்கு முந்தைய இரண்டையும் நீக்கிவிட்டு வேறு சாசனங்களை வெட்டியிருக்கிறார்கள். வருத்தம் ஊருக்கெல்லாம் தெரிந்தது. அடிபட்டவனிடம் மட்டும் சொல்லப்படவில்லை. அதே பதின்மூன்றாம் சாசனத்தில், வருந்தினாலும் தண்டிக்கும் வலிமை தன்னிடம் இருக்கிறது என்று காட்டுவாசிகளுக்கு எச்சரிக்கையும் இருக்கிறது.

எண்களையும் அப்படியே விழுங்க முடியாது. சீனத்தில் ஆன் லூஷான் என்ற படைத்தலைவரின் கலகத்துக்கு முன் 755 இல் எடுத்த கணக்கில் 5 கோடியே 29 லட்சம் பேர். 764 இல் எடுத்த கணக்கில் 1 கோடியே 69 லட்சம் பேர். இடையில் குறைந்த மூன்றரைக் கோடிப் பேரும் கொல்லப்பட்டவர்கள் என்று எழுதிவிடுகிறார்கள். கணக்கெடுக்க வேண்டிய அதிகாரிகளே ஓடிவிட்ட நாட்டில் எண்ணப்படாதவர்கள் எல்லாரும் செத்தவர்கள் ஆகிவிட மாட்டார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு நிகராக, யார் எண்ணினார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

நம்மவர்களையும் விட்டுவிடக் கூடாது. புறநானூற்றின் 15 ஆம் பாட்டில் பாண்டியன் முதுகுடுமி பகைவரின் கோட்டைக்குள் கழுதை பூட்டி உழுது பாழாக்கினான் என்று வருகிறது. அது வசை அன்று, புகழ். உழுவது எதற்கு? அங்கே ஓர் ஊர் இருந்த தடமே தெரியக் கூடாது என்பதற்கு.


கால்வாய்க்கரை (தடா, ஆந்திரம்):

நடுகல் ஐயாவின் பெயரைப் பார்த்ததும் இதை எழுதத் தோன்றியது. உங்கள் மாவட்டத்தில் நடுகற்கள் நிறைய உண்டு. கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கப் போய் மடிந்த ஒருவனுக்காக ஊர் கூடி ஒரு கல்லை நட்டு, கையில் வில்லோடு அவனைச் செதுக்கிவைத்தார்கள். பத்து மாட்டுக்காகச் செத்தவனுக்கு ஒரு கல் உண்டு. தாது வருடப் பஞ்சத்தில் செத்தவர்களுக்கு எத்தனை கல் இருக்கிறது?

1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. சென்னை மாகாணத்தின் வட மாவட்டங்கள், அதாவது இன்று நாம் எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருக்கும் நிலம், கடுமையாக அடிபட்டது. மழை பொய்த்தது உண்மை. ஆனால் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. 1877 சனவரி முதல் நாள் டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் ஆடம்பரமாக நடந்தது. செலவைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் கல் உடைக்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 450 கிராம். எங்கள் வீட்டுத் தராசில் அந்த அளவுக்குப் பச்சரிசியை அளந்து பார்த்தேன். வேலை செய்யாமல் வீட்டில் இருப்பவருக்கே அது கட்டிவராது. நாள் முழுக்க வெயிலில் சம்மட்டி அடிப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இந்த அளவு போதாது என்று விடாமல் எழுதினார். பல மாதங்கள் கழித்துக் கூலி உயர்த்தப்பட்டது.

எங்கள் ஊருக்குக் கிழக்கே ஓடுகிற பக்கிங்ஹாம் கால்வாயில், சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். பெயர் மட்டும் அப்போதைய ஆளுநருடையது.

மறையூர் ஐயா, நீங்கள் கொலைகாரனைத் தேடுகிறீர்கள். கையில் கத்தியோடு அவன் வருவான் என்று எதிர்பார்க்கிறீர்கள். இந்த ஐம்பது லட்சத்தில் ஒருவரையும் எவரும் கத்தியால் குத்தவில்லை. டெம்பிளுக்கு நம்மீது வெறுப்பு இருந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. முந்தைய பஞ்சம் ஒன்றில் அவர் தாராளமாகச் செலவு செய்து உயிர்களைக் காத்து, அதற்காகவே மேலிடத்தில் கடிந்துகொள்ளப்பட்டவர். அடுத்த முறை அதே தவற்றைச் செய்யக் கூடாது என்று கவனமாக இருந்திருக்கிறார், அவ்வளவே.


கோமாரி (பலமனேர், ஆந்திரம்):

கால்வாய்க்கரை அம்மா எழுதியதைப் படித்தபின் இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். நான் கால்நடை மருத்துவன். எவ்வித வெறுப்பும் இல்லாமல் ஓர் இனத்தை ஏறக்குறைய ஒழித்த வேலையில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் இதைச் சொல்லும் கடமையும் எனக்கு இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பக்கம் மாடு செத்தால் தோலை உரித்துக்கொண்டு உடலை ஊர் எல்லையில் போட்டுவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், இறங்கும். இறக்கையை விரித்துக்கொண்டு ஒன்றையொன்று தள்ளும் அந்தக் கூட்டத்தின் இரைச்சல் பேருந்து நிறுத்தம் வரை கேட்கும். சாயங்காலம் போய்ப் பார்த்தால் எலும்புக்கூடு மட்டும் கழுவிவைத்ததுபோல் கிடக்கும். அதே ஆண்டுகளில்தான் டைக்ளோஃபெனாக் ஊசி எங்கள் பைக்குள் வந்தது. மடிவீக்கமா, காய்ச்சலா, கால் நொண்டுகிறதா, எதற்கும் அதுதான். விலை மலிவு; வலி உடனே குறையும்; மாடு எழுந்து நின்று தீவனம் தின்னும்; விவசாயி கையெடுத்துக் கும்பிடுவார். சில மாடுகள் ஊசி போட்ட பிறகும் செத்தன. அவற்றையும் ஊர் எல்லையில்தான் போட்டார்கள்.

அந்த மருந்து தங்கிய இறைச்சியைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அறுத்துப் பார்த்தால் இதயத்தின் மீதும் ஈரலின் மீதும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்திருக்கும். காரணம் இன்னதென்று 2004 இல் உறுதியானது. கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த 2006 இல் தடை வந்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறு இந்தியாவில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. எந்த வேட்டைக்காரனும் எந்தப் படையும் பதினைந்து ஆண்டுகளில் இவ்வளவு சுத்தமாக முடித்திருக்க முடியாது.

நம் பரணி இலக்கியங்களில் போர்க்களம் என்றால் பருந்தும் கழுகும் வட்டமிடாமல் இருக்காது. கலிங்கத்துப் போரிலும் பாறுகளுக்கு விருந்துதான். ஈராயிரம் ஆண்டு மனிதனின் கொலைவெறியைத் தின்று கொழுத்த பறவை, அவனுடைய கருணையைத் தின்று செத்தது. நான் போட்ட ஊசிகள் எத்தனை என்று பதிவேட்டில் இருக்கும், பார்க்கத் துணியவில்லை.


கள்ளிச்செடி (கொழிஞ்சாம்பாறை):

டாக்டர் சொன்னது என்னை அசைத்தது, மறுக்கவில்லை. கோரைக்குக் குற்ற உணர்வு இல்லை என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். கோரை பதிவேடு வைத்துக்கொள்வதில்லை என்று மாற்றிக்கொள்கிறேன்.

ஆனால் எதிர்ப்பக்கமும் உண்டு. மறையூரிலிருந்து மூணாறு போகிற வழியில் இரவிகுளம் இருக்கிறது. அங்கே வரையாடு இன்றும் கூட்டமாக மேய்வதற்கு முதற்காரணம், தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார்கள் அந்தப் புல்வெளியைத் தங்கள் வேட்டைக்கென்று ஒதுக்கிக் காவல் போட்டதுதான். 1975 இல் அது சரணாலயமாகவும் 1978 இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. சுடுவதற்காகக் காத்தார்கள், காத்ததால் மிஞ்சியது. நல்லெண்ணத்தால் பாறு செத்தது, வேட்டையால் வரையாடு பிழைத்தது என்றால், மாஷே, குணத்தை வைத்து எதையும் கணிக்க முடியாது. கொன்றவர்களின் பிள்ளைகளா நாம் என்று நீங்கள் கேட்டது தவறான கேள்வி என்றுதான் எனக்கு இன்னும் படுகிறது.


நடுகல் (சித்தூர், ஆந்திரம்):

தவறான கேள்வி என்று நான் சொல்ல மாட்டேன். விடை ஒன்றாக இருக்காது என்பேன். கென்யாவில் துர்க்கானா ஏரிக்கு மேற்கே நாத்தாருக்கில் ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முந்தைய எலும்புகள் கிடைத்தன. குறைந்தது 27 பேர். ஒரு மண்டையோட்டில் எரிமலைக் கண்ணாடிக் கல்லால் ஆன கூர்முனை ஒன்று அப்படியே பதிந்திருந்தது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் இருந்த ஒருத்தியின் கைகள் கட்டப்பட்டிருக்கலாம் என்று அகழ்ந்தவர்கள் எழுதினார்கள். அரசும் கோட்டையும் வருவதற்கு முன்பே கூட்டக் கொலை இருந்தது என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவார்கள். காட்டலாம். அதே மனித இனம்தான் கம்பின் பருமனுக்கு அளவு வைத்த சட்டத்தையும் பல தலைமுறை காத்தது. மொரியோரிகளும் மாவோரிகளும் ஒரே மூதாதையரின் வழிவந்தவர்கள். குருதியில் வேறுபாடு இல்லை. ஊர் வைத்த வழக்கத்தில்தான் இருந்தது.

நூற்றாண்டுக்கு நூற்றாண்டு கொலை குறைந்துவருகிறது என்று சதவீதம் போட்டுக் காட்டுகிறவர்களிடம் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பஞ்சத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவர்கள் முதலில் சொல்ல வேண்டும்.


கால்வாய்க்கரை (தடா, ஆந்திரம்):

ஐயாவின் இரண்டாவது கேள்வியை எல்லாரும் விட்டுவிட்டோம். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவூர்தி ஏறுவது தெரியும். முதலில் ஒளி, பிறகு சிறிது நேரம் கழித்து ஓசை, சன்னல் கண்ணாடி அதிரும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். செயற்கைக்கோளை ஏற்றுகிற அதே வித்தைதான் அணுகுண்டையும் ஏற்றும் என்ற நினைப்பு ஒவ்வொரு முறையும் வந்துபோகும். 1983 செப்டம்பர் 26 அன்று ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகச் சோவியத் எச்சரிக்கைக் கருவி காட்டியபோது, பணியில் இருந்த ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் என்ற அதிகாரி அதைக் கருவியின் பிழை என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். மேக விளிம்பில் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் வீரச்செயல் செய்யவில்லை; வந்த தகவலை நம்பவில்லை. டெம்பிளிடம் இல்லாமல் போனது அதுதான்: மேலிருந்து வந்த கட்டளை சரியா என்று ஒரு கணம் ஐயப்படுவது.


கல்வீட்டுக்காரன் (மறையூர்):

எல்லாருடைய பதிவுகளையும் அச்செடுத்து வைத்துக்கொண்டு மூன்று முறை படித்தேன். கள்ளிச்செடித் தம்பி சொன்னதில் பாதியை ஏற்கிறேன். நான் குணத்தைக் கேட்டேன்; நீங்கள் அனைவரும் ஏற்பாட்டைக் காட்டினீர்கள். பதிவேடு, தராசு, ஊசி, கம்பின் பருமன். எனக்கு இது ஆறுதலா என்று தெரியவில்லை. கொலைகாரன் ஒருவன் இருந்தால் அவனைக் கண்டு பயந்து கதவைச் சாத்தலாம். மடிவீக்கத்துக்கு ஊசி போடுகிறவரை எதைச் சொல்லித் தடுப்பது? டாக்டர், உங்களைக் குற்றம் சொல்லவில்லை. 2004 வரை அந்த மருந்தின் தீமை எவருக்கும் தெரியாது. தெரிந்த பிறகு தடைக்கு இரண்டு ஆண்டு ஆனதே, அதைத்தான் கேட்க வேண்டும்.

மொரியோரிகளைப் பற்றி மேலும் படித்தேன். 1862 இல் எஞ்சியிருந்த முதியவர்கள் ஆளுநருக்கு ஒரு முறையீடு அனுப்பியிருக்கிறார்கள். அதனோடு ஒரு பட்டியலும் இருந்தது. 1835 இல் தீவுகளில் உயிரோடு இருந்தவர்களின் பெயர்களை நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதி, இறந்தவர்களுக்கு நேரே குறி இட்டிருந்தார்கள். இருபத்தேழு ஆண்டுகள் அடிமைகளாக இருந்த பிறகும் ஒருவருடைய பெயரும் அவர்களுக்கு மறக்கவில்லை. நடுகல் ஐயா, யார் எண்ணினார்கள் என்று கேட்டீர்கள் அல்லவா? அங்கே செத்தவர்களின் உறவினரே எண்ணினார்கள். எண்ணாகவும் அல்ல, பெயராக.

இந்த இழைக்கு நான் வைத்த தலைப்பு தவறு. மாற்ற வழியில்லை என்று தளத்தில் காட்டுகிறது. கல்வீட்டில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டிருந்தேன். முதலில், அவை வீடுகள் அல்ல; ஈமச் சின்னங்கள். செத்தவரைப் புதைத்து இவ்வளவு பெரிய கல்லை ஏற்றிவைக்கப் பக்கத்திலேயே உயிரோடு ஒரு பெருங்கூட்டம் இருந்திருக்க வேண்டும். அந்தக் கூட்டம் தீமழையில் வெந்தது என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. அவர்களும் கலந்துதான் நாம் இருக்கிறோம் என்று கொள்வதற்குத் தடை எதுவும் இல்லை. அல்லது, நாங்கள் மலையேறி வந்தபோது இங்கே எவரோ இருந்திருக்கலாம். அவர்கள் என்ன ஆனார்கள் என்று குழந்தைகள் கேட்டபோது ஒரு தீமழையைச் சொல்லிவைத்திருக்கலாம். அப்பத்தாவிடம் இதைக் கேட்க இப்போது அவர் இல்லை.

நேற்றுக் காலை மேட்டுக்கு ஏறிப் பார்த்தேன். கரும்பாலையிலிருந்து பாகு காய்ச்சும் புகை வந்துகொண்டிருந்தது. சென்ற ஆண்டு முழுதாக நின்ற ஒரு திட்டையின் மூடுகல் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பக்கக் கல் ஒன்று சரிந்திருக்கிறது. மேலே ஏறி நின்று படம் எடுத்தவர்களா, மாடு முட்டியதா, மழையில் மண் அரித்ததா என்று மேய்க்கிறவர்களிடம் விசாரித்தேன், எவரும் பார்க்கவில்லை. இன்னும் நிற்கிற மற்றொரு திட்டையின் உட்புறத்தில் ஓர் ஆணின் பெயரையும் ஒரு பெண்ணின் பெயரையும் வெள்ளைப் பெயின்ட்டால் எழுதி, நடுவில் ஓர் அம்பு வரைந்திருக்கிறார்கள். பெயின்ட் இன்னும் முழுதாகக் காயவில்லை. என் விரலில் ஒட்டிக்கொண்டது.